கேட் வியாகுலமும் பூமிக்கடி ரயிலும்

ராயபுரத்தில் அந்த நாளில் சரக்கு கேட் மூடினால் மூடினதுதான். துறைமுகத்திலிருந்து வரும் கூட்ஸ் வண்டி கொஞ்சம் முன்னால் போகும், கொஞ்சம் பின்னால் வரும், என்ஜின் பெருமூச்சு விடும், மறுபடி போகும். முதல் பெட்டி ரோட்டைத் தாண்டும்போது இடுப்பில் இருந்த குழந்தை, கடைசிப் பெட்டி போவதற்குள் இறங்கி நடக்கப் பழகிவிடும் என்பார்கள். அப்படிப் பழகின பிள்ளைக்கு கேட்ராஜ் என்று ஞானஸ்நானம் கொடுத்ததாகவும் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜட்காக்காரர் குதிரையைத் திட்டுவார். சைக்கிள் குமாஸ்தா கைக்கடிகாரத்தைத் திட்டுவார். மீன் கூடைக்காரிகள் எல்லோரையும் திட்டுவார்கள். அந்தக் கேட்டில் முகம் மலர்ந்து நின்ற ஒரே ஆள் வியாகுலம்மாள். வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பெண்பிள்ளையும் அவள்தான். கோயிலில் பூசை நேரத்தில் அவள் முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் பெஞ்சின் மறுகோடியில் இருக்கிறவருக்குப் பல் தந்தியடிக்கும். சோறு தின்னும்போதுகூட அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே தின்பாள்.

அவள் பிறந்தது காத்திவாக்கத்தில். கழிமுகத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் கைவைத்துத் தடவி இறால் பிடித்த குடும்பம். வயது வந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். பாயைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். பாட்டுப் பாடச் சொன்னார்கள், ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்கள், எழுந்து நடக்கச் சொன்னார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்தார்கள். வந்தவர்கள் பணியாரத்தைத் தின்றுவிட்டு, "பொண்ணு ஒரு எடத்துல குந்தமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வேறு கூட்டம், அதே பாய், அதே பணியாரம், அதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். கிணற்றடிக்குப் போனால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். கடைசியில் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற அம்புரோஸ், சேற்றில் நண்டைத் துரத்திக்கொண்டு ஓடிய அவளைப் படகிலிருந்து பார்த்துவிட்டு, "இதத்தான் கட்டிக்குவேன்" என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டான். நண்டு தப்பிவிட்டது. அவன் மாட்டிக்கொண்டான் என்பது அம்புரோஸின் கணக்கு.

ஆனால் அந்தப் பாய் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டே ராயபுரத்துக்கு வந்தது. மகள் ஐரீன் பிறந்த அன்றைக்கே, துணியில் சுற்றின பிள்ளையைப் பார்த்து, "உன்ன எவன் முன்னாடியும் பாயில குந்த வெக்கமாட்டேன்டி" என்றாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அப்போதுதான் வியாகுலம்மாளுக்குத் தொழில் அமைந்தது. பட்டாள வண்டி போவதற்காகக் கேட்டை மூடிவிட்டார்கள். இந்தப் பக்கம் பாத்திரம், கோழிக்கூண்டு, பெண்பிள்ளை என்று மாட்டு வண்டியில் ஒரு குடும்பம். அந்தப் பக்கம் தாயும் மகனுமாக இன்னொரு குடும்பம். எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிப் பெட்டிகளுக்கு நடுவே இருக்கிற சந்து வழியாக, ஒவ்வொரு சந்து வரும்போதும் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தான். இந்தப் பக்கத்துப் பெண்ணும் கோழிக்கூண்டைப் பார்ப்பதுபோல் அவனைத்தான் பார்த்தாள். வியாகுலம்மாளுக்கு உள்ளங்கால் அரித்தது. கேட் திறந்ததும் இரண்டு தாய்மாருக்கும் நடுவில் போய் நின்றாள். குண்டுக்குப் பயந்து ஓடின இரண்டு குடும்பமும் ஒரே ஊருக்கு ஓடி, அங்கேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பின.

அன்றிலிருந்து கேட்டில் பெண் பார்ப்பது ராயபுரத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. பெண் வீட்டார் கேட்டுக்கு மேற்கே நிற்பார்கள், பிள்ளை வீட்டார் கிழக்கே. யாரும் யாரையும் பார்க்க வரவில்லை. எல்லோரும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட் திறந்ததும் எதிரும் புதிருமாக நடப்பார்கள். பிள்ளையின் தாய் நின்று, "கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?" என்று கேட்டால் பெண் பிடித்திருக்கிறது. கேட்காமல் போனால் இல்லை. பெண்ணுக்கும் ஒரு வழி உண்டு: பையன் பிடிக்கவில்லை என்றால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வாள், அப்புறம் யாரும் சுண்ணாம்பு கேட்கக் கூடாது. வேண்டாம் என்றாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ரயில் போயிற்று, ஜனங்கள் போனார்கள்.

வண்ணாரப்பேட்டைப் பெண் ஜன்னத், திரைபோட்ட ஜட்காவில் வந்தாள். பையன் பார்த்தது திரையைப் பிடித்திருந்த இரண்டு விரலைத்தான். விரலைப் பார்த்தே சரி என்றுவிட்டான். ஜன்னத்தோ திரை ஓட்டை வழியாக அவன் காது மடல் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் குடையை விரிக்காமல் விட்டாள்.

கேட்காரன் தாவூது இதற்கெல்லாம் உடந்தை. ரயிலை அவனால் நிறுத்த முடியாது. ஆனால் கேட்டை மெதுவாகத் திறக்க முடியுமே.

"தாவூது பாய், இன்னொரு நிமிசம் புடி. பையன் இப்பத்தான் தலைய தூக்கிக்கீறான்."

"யக்கா, பின்னாடி மோட்டாருகாரன் ஹாரன் அடிச்சிகினே கீறான். என் வேல பூடும்."

"பூட்டா உனக்கும் ஒரு பொண்ணு பாக்கறேன், பெரிய சீதனத்தோட."

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு கீது. அந்த பேஜாரே போதும்."

ஊர் முழுக்கப் பெண் பார்த்துக் கொடுத்தவளுக்குத் தன் மகளுக்கு மட்டும் பையன் அமையவில்லை. ஐரீனைக் கேட்டுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், ரயில் முழுசாக வருவதற்கு முன்பே குடை விரிந்துவிடும். "அவசரம் இன்னாம்மா? கேட்டு எங்க பூடப் போவுது?" என்பாள் ஐரீன்.

கேட்டைப் போக்கவும் ஆள் வந்துவிட்டது. ஐம்பத்து மூன்றிலோ நாலிலோ ஒரு காலை, மூன்று காலில் நிற்கிற அளவுக் கண்ணாடியும் நீள நீளக் குழாயுமாக ஒரு கூட்டம் கேட்டடியில் வந்து இறங்கியது. குழாயைத் தரையில் இறக்கி, மண்ணை உருவி எடுத்து, மரப்பெட்டியில் அடுக்கினார்கள். மேஸ்திரி தவசிமுத்து தெற்கத்திக்காரர், பேச்சுக்குப் பேச்சு வெற்றிலை போடுகிறவர். அவர் வாயிலிருந்துதான் செய்தி வந்தது.

"சீமையில ரயிலு பூமிக்குள்ள ஓடுதும்மா. அத பாத்துட்டு வந்த பெரிய அதிகாரி ஒருத்தரு, இங்கயும் விடணும்னு சொல்லுதாரு. கடற்கரையில பூந்து திருவொற்றியூர்ல வெளிய வரும்."

"அப்ப இந்த கேட்டு?"

"மேல ரயிலே இல்லன்னா கேட்டு எதுக்கு?"

வியாகுலம்மாள் அன்றைக்கு வீட்டுக்கும் கேட்டுக்கும் எத்தனை தடவை நடந்தாள் என்று தெருநாய்களுக்குத்தான் தெரியும். கொஞ்ச தூரம் கூடவே வந்து, அவையே களைத்துப் படுத்துவிட்டன. அம்புரோஸ் வேலை முடிந்து வந்து, கூண்டுப் புலி போல நடக்கிற மனைவியைப் பார்த்தான்.

"இன்னாமே, ரயிலு அடியில போனா உனக்கு இன்னா? நல்லதுதானே?"

"யோவ், கேட்டு பூட்டா ஐரீன எங்கய்யா நிக்க வெப்பேன்? அப்பறம் பாய்தான். பணியாரந்தான். பல்ல காட்டுன்னுவாங்க."

"ஒரு அஞ்சு நிமிசம் குந்தினா பொண்ணு தேஞ்சா பூடும்?"

கரண்டியை வீசிவிட்டுப் போனாள். கரண்டி சுவரில் பட்டுக் குழம்புச் சட்டியிலேயே விழுந்தது என்று அம்புரோஸ் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அந்தப் பெரிய அதிகாரி நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று தவசிமுத்து சொன்னதும் அவளுக்கு யோசனை உதித்தது. இந்தக் கேட் எத்தனை குடும்பத்தை உண்டாக்கியிருக்கிறது என்று அந்த மனிதர் கண்ணாலே பார்த்தால் மனம் இளகாதா? தண்டையார்ப்பேட்டை, வியாசர்பாடி, காலடிப்பேட்டை என்று நடையாய் நடந்து, கேட்டில் முடிந்த ஜோடி அத்தனைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். "புருசன், புள்ளகுட்டி, மாமியா எல்லாத்தையும் கூட்டிகினு வரணும். நல்ல துணியா உடுத்துகினு வாங்க."

வந்தார்கள். நாற்பத்திரண்டில் முடிந்த முதல் ஜோடி நாலு பிள்ளைகளோடு வந்தது. ஜன்னத் ஜட்காவோடு வந்தாள். யாரோ பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஜனம் நெரிந்து, பஞ்சுமிட்டாய்க்காரன் வந்து, குரங்காட்டி வந்து, திருவிழாவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டியும் வந்து நடு ரோட்டில் நின்றது. அதிகாரியின் மோட்டார் அந்த நெரிசலுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் குரங்கு. கடைசியில் அவர் தொப்பி நசுங்கி இறங்கி வந்தார்.

வியாகுலம்மாள் கும்பிட்டாள். "பாருங்க சாமி. அத்தினியும் இந்த கேட்டால ஆனது. இது இல்லன்னா இதுங்க ஒண்ணும் இல்ல."

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தவசிமுத்துவைப் பார்த்துச் சொன்னார்:

"இவ்வளவு கூட்டம் தினமும் இங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறதா? பாவம் ஜனங்கள்! வேறெங்கும் வேண்டாம். முதல் குழியை இங்கேயே தோண்டுங்கள்."

அன்றைக்கு அம்புரோஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஓடு இரண்டு நழுவியது.

மறுவாரமே ரோட்டை மறித்துத் தட்டி கட்டினார்கள். சரக்கு வண்டிகளை வேறு தண்டவாளத்தில் திருப்பி, ஜட்காக்களையும் சைக்கிள்களையும் பாலத்துப் பக்கம் சுற்றிப் போகச் சொன்னார்கள். கேட் இரண்டும் திறந்தபடி நின்றன, திறந்து மூட வேலையில்லாமல் தாவூது உட்கார்ந்திருந்தான். சோதனைக் குழி இறங்கியது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்; ஆள் உயரம் தோண்டுவதற்குள் உப்புத் தண்ணீர் ஊறியது. பம்பு வைத்து இறைத்தார்கள். பகலெல்லாம் இறைத்த தண்ணீர் விடிந்தால் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

ஆனால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்! கேட் மூடிய காலத்தில்கூட இத்தனை பேர் நின்றதில்லை. வியாகுலம்மாளுக்கு மறுபடி உயிர் வந்தது. ரயில் இல்லாவிட்டால் என்ன, குழி இருக்கிறதே? தட்டிக்கு இந்தப் பக்கம் பெண், அந்தப் பக்கம் பையன். தொண்டை கட்ட விளக்கிச் சொல்லி இரண்டு குடும்பத்தை நிறுத்திப் பார்த்தாள்.

பையன் குழியைப் பார்த்தான். பையனின் தாய் பம்பைப் பார்த்தாள். பெண்ணும் பெண்ணைப் பெற்றவரும் சேற்றை வாரி மேலே அனுப்புகிற வாளியைப் பார்த்தார்கள். ஒரு மனிதர்கூட நிமிரவில்லை.

"பொண்ணு எப்டி கீது?" என்று பையனின் தாயைத் தனியாக இழுத்துக் கேட்டாள்.

"எந்த பொண்ணு? அட ஆமா, மறந்தே பூட்டேன். அது கெடக்கட்டும், அந்த தண்ணி எங்கேர்ந்து வருது?"

வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ரயில் கண்ணை மறைத்து மறைத்துக் காட்டியது; அதனால் ஆசை வந்தது. குழி கண்ணைப் பிடுங்கி வைத்துக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் காலடிப்பேட்டை சிலுவையம்மாளிடமிருந்து ஆள் வந்தது. அவள் மகன் இஞ்ஞாசி, தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. குடும்பம் நல்லது என்று வியாகுலம்மாளுக்கே தெரியும். கேட் இருந்திருந்தால் எப்போதோ கிழக்கே நிறுத்தியிருப்பாள். வந்த சேதி இதுதான்: ஞாயிறு பூசை முடிந்து பெண் பார்க்க வருகிறோம், முறையாக. அம்புரோஸ் யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டான்.

ஐரீன் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "முறையான்னா? பாயா?"

"பாய்தான்" என்றான் அம்புரோஸ்.

"நா குந்தமாட்டேன் நைனா."

"உங்கம்மா குந்தலையா?"

"அதான் இன்னி வரிக்கும் குந்தவே மாட்டேங்குது" என்றாள் ஐரீன்.

வியாகுலம்மாள் அடுப்படியில் நின்றாள். அவள் கால் ஆடவில்லை. ஊர் உலகம் சாட்சியாக, அந்த ஒரு நிமிஷம் ஆடவே இல்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "செருப்ப மாட்டுடி. கெளம்பு."

"எங்க?"

"அவுங்க வர்றதுக்கு முன்னாடி நாம பூடலாம்."

காலடிப்பேட்டைக்கு வெயிலில் நடந்தே போனார்கள். சிலுவையம்மாள் வாசலில் சாம்பலைத் தொட்டு விரால் மீன் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் மீன் கையிலிருந்து நழுவி முற்றத்தில் ஓடியது. விரால் அல்லவா, தலை போனாலும் ஓடும்.

"இன்னாம்மா இது? நாங்க இல்ல வரணும்? பொண்ணு வூட்டுக்காரங்க வந்து மாப்புளய பாக்கறதா? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊருக்கு இன்னா தெரியும்? வழியில தாகம் எடுத்துச்சு, வந்தோம். தண்ணி குடுக்கமாட்டியா?" என்றாள் வியாகுலம்மாள். சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

இஞ்ஞாசி ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, தரையில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. ஒரு கால் சுவர்மேல் ஏறியிருந்தது. விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை.

"ஐயோ, இந்தக் கோலத்துலயா! டேய் இஞ்ஞாசி!" என்று பதறினாள் சிலுவையம்மாள்.

"எழுப்பாதீங்க" என்றாள் ஐரீன். "இப்பத்தான் நல்லா பாக்க முடியுது."

நிலைப்படியில் சாய்ந்து நின்று, நிதானமாகப் பார்த்தாள். வியாகுலம்மாள் முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். விரால் ஒரு பக்கம் ஓடியது, இவள் ஒரு பக்கம் நடந்தாள். சிலுவையம்மாளுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. சத்தத்தில் பையன் கண்ணைத் திறந்தான். நிலைப்படியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும் சுவர்மேல் இருந்த காலை அவசரமாக இறக்கினான்.

"ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வர்றீங்களாமே. வந்து இன்னா பாக்கப் போறீங்க?" என்று கேட்டாள் ஐரீன்.

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தான். "தெரியல. அம்மா போலாம்னுச்சு."

"என்ன பாயில குந்தவெச்சு எதுக்க நீங்க நாக்காலியில குந்துவீங்க. அதுக்கு நா ஒத்துக்கமாட்டேன்."

"அப்ப நானும் பாயில குந்தறேன்."

"அதுக்கு பதிலா நானும் நாக்காலியில குந்தறேன். ஒரே ஒசரம். ஒங்களுக்கு சம்மதமா?"

"சம்மதம்" என்றான் இஞ்ஞாசி.

"டேய்!" என்றாள் சிலுவையம்மாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. மீன் தெருவுக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில்தான் வியாகுலம்மாளுக்கு உறைத்தது. வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அதுவும் அம்புரோஸ் சவரம் செய்துகொள்கிற நாற்காலி, ஒரு கால் கட்டை. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு நாற்காலியும் யாராவது விருந்தாளிக்கு அடியில் இருக்கும். மகளை வீட்டில் விட்டுவிட்டு நேரே கேட்டுக்கு ஓடினாள். கேட் அறையில் தாவூது உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுந்திரு பாய்."

"வண்டி வருதா?"

"ஒண்ணும் வரல. எழுந்திரு."

அவன் எழுந்தான். அவள் நாற்காலியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"யக்கா! யக்கா! அது கவருமென்டு நாக்காலி! பின்னால நம்பரு கீது பாரு!"

"கேட்டே இல்ல, உனக்கு நாக்காலி எதுக்கு? திங்கக்கெழம தர்றேன்."

தட்டியைப் பிடித்துக்கொண்டு குழியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் நாலு காலும் ஆகாயத்தைப் பார்க்க, வியாகுலம்மாள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கையை நீட்டியபடி தாவூது. "இன்னாத்த பாக்கறீங்க? ஒங்க தண்ணிய பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் மறுபடி குழிக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

ஞாயிறு வந்தது. ஐரீன் தாவூதின் நாற்காலியில் உட்கார்ந்தாள், இஞ்ஞாசி அம்புரோஸின் கட்டைக் கால் நாற்காலியில் ஆடிக்கொண்டே உட்கார்ந்தான். சிலுவையம்மாள் பழக்கத்தில், "பொண்ணுக்கு சமைக்கத் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். ஐரீன் பையனைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றாள். "கஞ்சி வெப்பேன். உப்பு மட்டும் கூட கொறச்சலா பூடும்" என்றான். அம்புரோஸ் சிரித்துவிட்டான். சிலுவையம்மாளும் பணியாரத்தை வாயில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் சிரித்தாள். தை மாதம் கல்யாணம்.

பூமிக்கடி ரயில் வரவில்லை. அந்த ஐப்பசி மழையில் குழியும் ரோடும் ஒன்றாகித் தவளை கத்தியது. தவசிமுத்து கும்பல் பம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மண்ணைக் கொட்டி மூடினார்கள். கூட்ஸ் வண்டி பழையபடி முன்னால் நாலு அடி, பின்னால் மூன்று அடி என்று வர ஆரம்பித்தது. ஜட்காக்காரர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். வியாகுலம்மாளிடம் பெண்ணைப் பெற்றவர்கள் மறுபடி வந்தார்கள்.

ஆனால் பெண்பிள்ளைகள் கேட்டது கேட்டை அல்ல. "ஐரீன் அக்கா குந்துச்சே, அந்த நாக்காலி வேணும்" என்றார்கள். இந்த வாரம் பனைமரத்தொட்டி, அடுத்த வாரம் வண்ணாரப்பேட்டை என்று அது வீடு வீடாகப் போனது. ஒரு திங்கட்கிழமைகூட கேட்டுக்குத் திரும்பவில்லை. ரயில்வே அதிகாரி சோதனைக்கு வந்து, "நாற்காலி எங்கே?" என்று கேட்டார்.

"பொண்ணு பாக்கப் போயிருக்குதுங்க" என்றான் தாவூது. அன்றிலிருந்து ரிடையராகும் வரை அவன் நின்றுகொண்டேதான் கேட்டைத் திறந்தான், மூடினான்.